எதிர்த்து ஓட்டுப் போட்டவர் யார்?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு லேத் ஓட்டத் தெரியும், டிராயிங் ஷீட்டில் கோடு போடத் தெரியும், கட்டுரை எழுத வராதுண்ணே" என்றுதான் சொன்னேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா, போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். காதல் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் நிறைய இருக்கிறார்கள். 'டிப்ளமா முடித்தால் ஒளிமயமான எதிர்காலம்' என்று எழுதவும் ஆள் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே புத்தகம் என் ஆத்தாவின் நூறு நாள் வேலை அட்டைதான். எனவே அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். அப்பா பொன்னமராவதியில் மூட்டை தூக்குகிறார். ஆத்தா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் களை எடுக்கவும் போகும். இருவருக்கும் கைநாட்டுத்தான். அதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு, கரண்டு பில், பேங்க் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். "நம்ம பய படிச்சவென்" என்று அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பெருமை பேசும். அந்தப் பெருமைதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது!

2024 மே மாதம்

முதலாம் ஆண்டு முடித்து நான் வீட்டில் இருந்த சமயம். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. களை எடுக்கும் வேலையும் இல்லை. நூறு நாள் வேலையும் நின்று போயிருந்தது. "எப்ப வேல போடுவாக?" என்று பெண்கள் கேட்டால், "வரும், வரும்" என்று பதில்.

வீட்டில் சும்மா இருந்த நான் வேலை அட்டையைப் புரட்டினேன். பிறகு சட்டத்தையே தேடிப் படித்தேன். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-ல் வந்தது. அதன் 7-வது பிரிவைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை கேட்டு மனுக் கொடுத்து 15 நாளைக்குள் வேலை தராவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் 'வேலையில்லாப் படி' தர வேண்டும். முதல் 30 நாளைக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் பாதிக்குக் குறையக் கூடாது. அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 319 ரூபாய். கால் பங்கு என்றால் 79 ரூபாய் 75 காசு.

"ஆத்தா, வேல குடுக்காட்டியும் காசு குடுக்கணுமாம்!"

ஆத்தா சிரித்தது. "ஏன்டா தம்பி, வேல செஞ்ச காசே நேரத்துக்கு வர மாட்டேங்குது. வேல செய்யாத காசு வந்துருமாக்கும்?"

விடவில்லை நான். மே 6-ஆம் தேதி ஒரு மனு எழுதினேன். 'பொருள்: வேலை கோருதல் தொடர்பாக' என்று தலைப்புப் போட்டு, நம் கல்லூரியில் லீவு லெட்டர் எழுதும் அதே பாணியில். கைநாட்டு வைக்கச் சொன்னால் ஆத்தா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டது.

"இருக்குற பேரையும் எடுத்துருவாகடா. நாளைக்கி வேல வந்தா, 'நீதான் மனுக் குடுக்கிறவளாச்சே, போய்க் கலெக்டருகிட்டக் கேளு'ம்பாக."

அப்பா வெளியிலிருந்து, "நாலு எழுத்துப் படிச்சுப்புட்டா எல்லாத்தையும் கேக்கணுமாக்கும்?" என்றார்.

ஒரு வழியாகக் கைநாட்டு வாங்கி நானே கொண்டு போய்க் கொடுத்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டேன். "அதெல்லாம் வழக்கமில்லை தம்பி" என்று பதில் வந்தது. தேதி போட்ட ரசீது தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதே என்றேன். "சட்டத்துல நெறைய இருக்கு" என்றார்கள்.

ஜூன் 4-ஆம் தேதி வேலை தொடங்கியது. மனுக் கொடுத்து 29 நாள். அதில் 15 நாளைக் கழித்தால் 14 நாள். 14 நாளுக்கு 79.75 வீதம் 1,116 ரூபாய் 50 காசு. இந்தக் கணக்கை ராப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கும் இருக்கிறது. உங்களில் சிலருக்கு அது ஒரு நல்ல சட்டை பேண்ட். எங்கள் வீட்டுக்கு அது ஒரு மாதப் பலசரக்கு.

ரசீது ஏன் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலை செய்தால் கூலி மத்திய அரசின் பணம். வேலை தராவிட்டால் கொடுக்க வேண்டிய படியோ மாநில அரசின் பணம். ரசீதில் தேதி விழுந்துவிட்டால் 15 நாள் ஓடத் தொடங்கிவிடும். தேதி விழாவிட்டால் வேலை கேட்டவரே யாரும் இல்லை! கேட்டவர் இல்லை என்றால் படியும் இல்லை. படி கொடுத்ததாகக் கணக்கு இல்லை என்றால், வேலை கிடைக்காமல் ஒருவரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. எவ்வளவு சுலபம் பாருங்கள்!

யார் மேல் கோபப்படுவது?

எனக்கு இப்போது 18 வயது. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்தாகிவிட்டது. எந்தத் தேர்தல் முதலில் வந்தாலும் அதில் என் முதல் ஓட்டைப் போடப் போகிறேன். எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய 1,116 ரூபாய்க்கு எதிராகக் கை தூக்கியவர் யாராவது இருந்தால், அவருக்கு எதிராக அந்த ஓட்டு! இதுதான் என் சபதம். கட்சி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மன்ற மலரில் கட்சி பேசினால் முதல்வர் அறையில் நிற்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எதிர்த்தவர் யார் என்று மட்டும் தேடினேன்.

தேடத் தேட ஒருவரும் கிடைக்கவில்லை நண்பர்களே!

முதலில் அரசியல் சட்டத்தைப் பார்த்தேன். 41-வது பிரிவு: வேலை பெறும் உரிமைக்கும், வேலை இல்லாத காலத்தில் அரசின் உதவி பெறும் உரிமைக்கும், அரசு தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு வழி செய்ய வேண்டும். ஆகா என்று மகிழ்ந்தேன். நாலு பிரிவு முன்னால், 37-வது பிரிவில், இவற்றைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று இருக்கிறது. மகிழ்ச்சி அதோடு போச்சு.

அடுத்து 2005-ஆம் வருடச் சட்டம். மக்களவையில் அந்த ஆகஸ்ட் மாதம் நிறைவேறியபோது எல்லாக் கட்சியும் ஆதரவு. எதிரி யாரும் இல்லை. 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் வந்தது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் அதிலேயே இருந்தது. நம் புதுக்கோட்டைக்கு 2008-ல்தான் வந்தது. சிங்கம்புணரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எங்கள் அயித்தை அந்த இரண்டு வருடமும் வேலைக்குப் போய்க் கூலி வாங்கியதை ஆத்தா இன்றைக்கும் சொல்லும். "எல்லைக் கல்லுக்கு அங்கிட்டு இருந்தவுகளுக்கு வேல, இங்கிட்டு இருந்த நமக்கு வேடிக்க."

மூன்றாவது, நம் மாநிலத்தின் வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகை. 2006 தேர்தலில் வாக்குறுதியாக வந்து நடைமுறையான திட்டம். 2011-ல் ஆட்சி மாறியது, திட்டம் நிற்கவில்லை. 2021-ல் மறுபடி மாறியது, அப்போதும் நிற்கவில்லை. எவரும் எதிர்க்கவில்லை.

சட்டசபையில் இதற்கு எதிராகத் தனியாக ஒரு உறுப்பினர் ஓட்டுப் போட முடியுமா என்றும் பார்த்தேன். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். அதிலும் பெரும்பாலான காரியங்கள் குரல் ஓட்டில் முடிந்து விடுகின்றன. 'ஆம்' என்று ஒரு சத்தம், 'இல்லை' என்று ஒரு சத்தம். சத்தத்துக்குப் பேர் ஊர் கிடையாது. நம் தொகுதி திருமயம். சட்டசபையில் நம் உறுப்பினர் எந்தச் சத்தத்தில் இருந்தார் என்று நான் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

அமெரிக்காவில் பேர் இருக்கிறது!

பேரோடு ஓட்டுப் போடும் ஊர் எது என்று நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடினேன். அமெரிக்கா கிடைத்தது. அங்கே வேலை போனால் சில மாதங்களுக்கு வாரா வாரம் உதவித்தொகை உண்டு. நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தால் அந்தக் காலத்தை நீட்டிக்க அவர்களின் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பேர் பேராகப் பதிவாகிறது.

2010 பிப்ரவரி கடைசியில் இந்த நீட்டிப்பை ஒரே ஒரு செனட்டர் தடுத்து நிறுத்தினார். கென்டக்கி மாநிலத்து ஜிம் பன்னிங். பழைய பேஸ்பால் வீரர். எல்லோரும் சம்மதித்தால் உடனே நிறைவேறும் என்ற முறையில் வந்த தீர்மானம் அது. இவர் ஒருவர் 'சம்மதமில்லை' என்றார். இதற்கான பணத்துக்கு முதலில் வழி சொல்லுங்கள் என்பது அவர் வாதம். அந்த இழுபறியில் உதவித்தொகை சில நாள் அறுந்தே போனது. பிறகு மார்ச் 2-ஆம் தேதி 78-க்கு 19 என்ற கணக்கில் நிறைவேறியது.

'ஆகா, மாட்டினார்! தேர்தலில் மக்கள் என்ன செய்தார்கள்?' என்று ஆவலோடு தேடினேன். அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை! மறுபடி நிற்கப் போவதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டிருந்தார். இனி ஓட்டுக் கேட்டு வர வேண்டாதவருக்கு என்ன பயம்? சரி, அவர் கட்சியாவது தோற்றதா? அந்த இடத்தில் அதே கட்சிக்காரரைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். அந்த நவம்பரில் நாடு முழுவதும் அவருடைய குடியரசுக் கட்சி, கீழ்ச்சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது.

2013 டிசம்பர் 28-ல் மறுபடி அதே கதை. நீட்டிப்பு முடிந்து ஒரே நாளில் சுமார் 13 லட்சம் பேருக்கு உதவி நின்றது. 2014 ஏப்ரலில் செனட் சபை 59-க்கு 38 என்று நீட்டிக்கச் சம்மதித்தது. கீழ்ச்சபை அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை. அந்த நவம்பர் தேர்தலில், ஓட்டுக்கு எடுக்காத கட்சிதான் செனட் சபையையும் சேர்த்துப் பிடித்தது.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேர் தெரிந்தும் தண்டனை இல்லையே! பிறகு யோசித்துப் பார்த்தேன். தேர்தலில் ஆயிரம் விஷயம் இருக்கும். அங்கே மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒட்டிப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. நாட்டில் வேலை இல்லை என்றால் ஜனங்களுக்கு முதலில் கோபம் வருவது ஆளும் கட்சி மேல். உதவித்தொகையைத் தடுத்தது எதிர்க்கட்சியாக இருந்தாலும் அடி விழுவது ஆள்பவர் முதுகில்! மேலும், வேலை போனவர்கள் ஒரே இடத்தில் இல்லை. ஊருக்குப் பத்துப் பேர், தெருவுக்கு ஒருவர். அடுத்த மாதம் வேலை கிடைத்துவிட்டால் அவர் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. நம் வகுப்பில் அரியர் வைத்தவர்கள் சங்கம் நடக்குமா? அரியர் முடித்ததும் சங்கத்தை மறந்துவிடுவோம். அதுபோலத்தான்!

கொடுத்தவர்களுக்கு மாலையா?

தடுத்தவரைத் தண்டிக்கவில்லை, சரி. கொடுத்தவரையாவது தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா? அதுவும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் 2012-ல் மாதம் ஆயிரம் ரூபாய் என்று சொன்ன சமாஜ்வாதி கட்சி 224 இடம் பிடித்தது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அதே கட்சிக்கு 5 இடம்தான். உடனே அந்த ஜூன் பட்ஜெட்டில் உதவித்தொகையை நிறுத்தினார்கள். 2017-ல் 47 இடத்துக்கு இறங்கினார்கள். ஆந்திராவில் 2014-ல் சொன்னதை 2018 அக்டோபரில்தான் தொடங்கினார்கள். 2019-ல் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்தது 23 இடம். நாலு வருடம் கழித்துக் கொடுத்ததால் நன்றியும் கழிந்துவிட்டது போலும். கர்நாடகாவில் 2024 ஜனவரியில் 'யுவநிதி' தொடங்கியது. பட்டதாரிக்கு 3,000, நம்மைப் போன்ற டிப்ளமாக்காரர்களுக்கு 1,500, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு.

நம் ஊருக்கு வாருங்கள். பள்ளி இறுதி வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். 2024-லும் இதே தொகைதான்.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படித்த ஒரு அண்ணன் இதை வாங்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,200 ரூபாய் கணக்கில் ஏறும். "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன். "சாட்சிக் காசுடா" என்றார். புரியவில்லை. "எனக்கு வேல இல்லைங்கிறதுக்கு கவர்மெண்டே சாட்சி. அதுக்குத்தான் இந்தக் காசு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அடுத்த வருடம் அவர் திருப்பூர் போய்விட்டார்.

அவர் சொன்னதில் எனக்கு ஒன்று விளங்கியது. நம் நாட்டில் உதவித்தொகையை எதிர்க்க யாரும் கை தூக்க வேண்டியதில்லை. தொகையைக் கூட்டாமல் விட்டால் போதும். டீ விலை ஏறும், பஸ் டிக்கெட் ஏறும், 400 மட்டும் 400-ஆகவே இருக்கும். ஒரு பத்து வருடத்தில் அது தானாகவே ஒன்றுமில்லாமல் போய்விடும். எதிர்த்தவர் யாரும் இல்லை, எனவே தோற்க வேண்டியவரும் இல்லை!

கூட்டம் சேர்ந்தால்...

அப்படியானால் அரசியல்வாதிகளுக்குப் பயமே கிடையாதா? உண்டு. 2015 பிப்ரவரியில் மக்களவையில் பிரதமர் மோடி, நூறு நாள் வேலைத் திட்டம் முந்தைய ஆட்சிகளின் தோல்விக்கு நினைவுச் சின்னம் என்றும், ஆனாலும் அதை மூடிவிடத் தன் அரசியல் அறிவு இடம் கொடுக்காது என்றும் பேசினார். பிடிக்காத திட்டத்தையும் தொட முடியவில்லை. காரணம், இது தெருவுக்கு ஒருவர் வாங்கும் காசு கிடையாது. கண்மாய்க் கரையில் நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வேலை. ஒருத்திக்குக் கூலி வரவில்லை என்றால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

2024 கடைசியிலிருந்து 2025 மார்ச் வரை அந்தக் கூலி வராமல் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். கொன்னையூர் மாரியம்மன் பூச்சொரிதலுக்குப் போக ஆத்தா கையில் காசில்லை. மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது 4,034 கோடி என்று சொல்லி மார்ச் 29-ல் ஒன்றியங்கள்தோறும் ஆளுங்கட்சியே ஆர்ப்பாட்டம் நடத்தியது. எதிர்க்கட்சிகளும் பேசின. கூலிக்காகக் கொடி வந்தது. வேலையில்லாப் படிக்காக எந்தக் கொடியும் வந்து நான் பார்க்கவில்லை. கூலி எல்லோருக்கும் சேர்ந்து நின்றது. படியோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ரசீது இல்லாமல், சத்தம் இல்லாமல் நின்றது.

நமக்கும் உண்டு

இதெல்லாம் நூறு நாள் வேலைக்காரர்கள் பாடு என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கோயம்புத்தூருக்கும் போவீர்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று பிடிப்பார்கள். மருந்து மாத்திரைக்கு மட்டும்தான் அது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 ஜூலை முதல் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்று ஒன்று இருந்தது. பேர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயத்தை நுழைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்சில் இரண்டு வருடமாவது இருந்தவருக்கு வேலை போனால், 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு. கொரோனா வந்த 2020-ல் அதைப் பாதிச் சம்பளமாக ஆக்கினார்கள். இரண்டு வருடச் சோதனைத் திட்டமாகத் தொடங்கியதைப் பிறகு பலமுறை நீட்டித்தார்கள். நீட்டிப்பை முடிவு செய்வது இ.எஸ்.ஐ. கழகம். நாடாளுமன்றத்தில் அதற்காக யாரும் ஓட்டுப் போடவில்லை. நீட்டித்ததும் நமக்குத் தெரியாது. நீட்டிக்காமல் விட்டாலும் தெரியாது!

என் அத்தை மகன் 2020-ல் ஒரு கம்பெனியில் வேலை இழந்து ஊருக்கு வந்தார். ஆறு மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தார். இ.எஸ்.ஐ. நம்பரும் அவரிடம் இருந்தது. இப்படி ஒரு பணம் உண்டு என்று கம்பெனியும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போது 13 வயது. இன்றைக்கு இருக்கிற அறிவு அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்ததுண்டு. வேலைக்குச் சேர்ந்ததும் இந்தத் திட்டம் அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கைநாட்டு

2025 ஆகஸ்ட் 15. எங்கள் ஊரில் கிராம சபை. அந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துபோனதால் தனி அலுவலர் நிர்வாகம். கோபப்படக்கூட ஒரு தலைவர் இல்லாத நேரம்! வேப்பமரத்தடியில் நான் எழுந்து, "வேலை கேட்டு மனுக் கொடுத்தால் தேதி போட்டு ரசீது கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கய்யா" என்றேன். குரல் நடுங்கியது. செமினார் எடுக்கும்போது நடுங்குமே, அதைவிட அதிகம்.

"அதெல்லாம் இருக்குப்பா, உக்காரு" என்று ஒரு குரல்.

உட்காரப் போனேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ எழுந்தார்கள். பார்த்தால் எங்கள் ஆத்தா!

"இருந்தா எழுதிக்கிருங்க. எம் மகென் இல்லாததக் கேக்கலயே?"

பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, "ஆமா, பய கேக்குறது நாயந்தானே" என்றது. பிறகு நாலைந்து பேர். பிறகு எல்லோரும். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஆத்தா போய்க் கைநாட்டு வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் வேலை இல்லாதபோது மறுபடி மனு எழுதினோம். இந்த முறை என் ஆத்தாவோடு 22 பேர். ரசீது கொடுத்தார்கள். சின்னக் காகிதம்தான். தேதி, முத்திரை, கையெழுத்து. ஆத்தா அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டது. பதினோராவது நாள் வேலை வந்தது. 15 நாள் ஆகாததால் படி கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது. நாங்கள் கேட்டதும் வேலையைத்தானே!

அந்தச் சுருக்குப் பை ரசீதுக்கு ஆயுள் மூன்று மாதம் கூட இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாள் ஆனது. கூலியிலும் மாநிலத்துக்கு 40 சதவீதப் பங்கு வந்தது. விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் வந்தது. கடும் கூச்சல் குழப்பத்துக்கிடையே எப்படி நிறைவேறியது தெரியுமா? குரல் ஓட்டில்தான். சத்தத்துக்குப் பேர் ஊர் கிடையாது என்று முன்னாலேயே சொன்னேனே!

என் முதல் ஓட்டை யாருக்கு எதிராகப் போடுவது என்று தேடத் தொடங்கியவன் நான். எதிரி கிடைக்கவில்லை. அதனால் ஓட்டுக் கேட்டு யார் எங்கள் தெருவுக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். 400 ரூபாயை எவ்வளவாக்குவீர்கள்? வேலை கேட்டால் ரசீது கொடுக்கச் சொல்வீர்களா? சபையில் இதற்காக எந்தத் தேதியில் பேசினீர்கள்? பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதி வைப்பேன். 1,116 ரூபாய் 50 காசு எழுதியிருக்கும் அதே பக்கத்தில். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள். ஒருவன் கேட்டால் 'உக்காரு' என்பார்கள். இருபது பேர் கேட்டால் எழுதிக்கொள்வார்கள். இது நான் படித்ததல்ல, வேப்பமரத்தடியில் பார்த்தது.

இந்தக் கட்டுரையை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டது: "புதுச் சட்டத்துக்கும் மனு எழுதத் தெரியுமாடா?"

தெரியாது ஆத்தா. படித்துக்கொண்டிருக்கிறேன்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை